நடராசன் மேல் கட்டிய பிராது

கலியமூர்த்தி நடராசன் மேல் பிராது கட்டிவிட்டான் என்ற செய்தி எனக்குத் தொழிற்பேட்டை வாசல் டீக்கடையில்தான் கிடைத்தது. சொன்னவர் டீ மாஸ்டர். நான் நம்பவில்லை. இரண்டு பேரும் என் செராமிக் யூனிட்டில் வேலை செய்கிறவர்கள். கலியமூர்த்திக்குப் பொம்மை அச்சுகள் பொறுப்பு, நடராசனுக்குச் சூளை பொறுப்பு. முறைக்கு மாமன் மாப்பிள்ளை. மதியச் சோற்றில் இவன் குழம்பை அவனும் அவன் குழம்பை இவனும் மாற்றி ஊற்றிச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

"நெசந்தான் மொதலாளி. நேத்து மணவாளநல்லூரு போயி கட்டிட்டு, தோ இந்தப் பெஞ்சுலதான் வந்து ஒக்காந்தாரு. நடராசனும் இங்கதான் நின்னுகினு இருந்தாரு. ரெண்டு பேரும் மொகத்தப் பாத்துக்கல. எனக்கே டீ ஆத்தக் கை வரல," என்றார் மாஸ்டர்.

பிராது என்றால் விருத்தாசலத்துக்காரனுக்கு விளக்க வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். பக்கத்தில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோவில் இருக்கிறது. பொருளைப் பறிகொடுத்தவன், ஏமாற்றப்பட்டவன் எல்லாம் அங்கே போவான். இன்னார் எனக்கு இன்ன அநியாயம் செய்தார் என்று தாளில் எழுதி, சாமி முன்னால் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதியில் உள்ள வேலில் கட்டிவிட்டு வருவான். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்பது நம்பிக்கை. தீர்ந்த பிறகு கட்டினவனே போய் அதை வாபஸ் வாங்க வேண்டும். அதற்கு ராஜினாமா என்று பெயர். அதுவரைக்கும் பெயர் எழுதப்பட்டவன் வீட்டில் ஒரு கோழி செத்தாலும் ஊர் பிராதைத்தான் சொல்லும்.

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். வேப்பூர் பக்கம் மானாவாரிக் காட்டிலிருந்து கிளம்பி வந்து, இந்தப் பேட்டையில் களிமண் மூட்டை தூக்கி, இன்று இரண்டு கேஸ் சூளை வைத்திருக்கிறேன். மெட்ராஸ் கடைகளில் விற்கிற கொலு பொம்மையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் என் யூனிட் முத்திரை இருக்கும். ராஜமாணிக்கம் என்று பெயர் சொன்னால் பேங்க் மேனேஜர் எழுந்து நிற்பார். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், ஆள் எடுப்பதில் நான் தவறியதே கிடையாது என்பதைச் சொல்லத்தான். கலியமூர்த்தியை மீசை முளைக்காத வயதில் எடுத்தேன். பிளாஸ்டர் அச்சை இரண்டு பாதியாகச் சேர்த்து, சைக்கிள் டியூப் வாரால் இறுக்கி, அவன் போடுகிற முடிச்சு தனி. இடது கைக்காரன். அவன் கட்டின அச்சை இன்னொருத்தன் அவிழ்க்க வேண்டுமென்றால் பல்லால்தான் அவிழ்க்க வேண்டும்.

கொரோனா இரண்டாம் அலையில் அவனுக்கும் எனக்கும் ஒரே சமயத்தில் வந்தது. நான் ஒரு வாரம் படுத்தேன், எழுந்து விட்டேன். மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு. கலியமூர்த்தியும் மூட்டை தூக்கி வளர்ந்தவன்தான். அவனுக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்தான். பக்கத்துக் கட்டில்காரர் செத்துப் போனார். அவருடைய செல்போன் மட்டும் தலையணைக்கு அடியில் ரொம்ப நேரம் அடித்துக்கொண்டிருந்ததாம். கலியமூர்த்தி நினைவு தெளிந்து பார்த்தபோது இவனுடைய செல்போனைக் காணோம், இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாணையும் காணோம். யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. பிணம் கட்டுவதற்கே ஆள் போதாத நேரத்தில் அரைஞாணை யார் தேடுவார்கள்? ஒரு ஆஸ்பத்திரிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

வந்தவனை அவன் மனைவி கொளஞ்சியம்மாள் வீட்டுக்குப் பின்னால் மல்லாட்டைக் கடலை மூட்டை போடுகிற சிமென்ட் ஷீட்டு அறையில் தனியாகப் படுக்க வைத்தாள். டாக்டர் சொன்ன நாள் முடிந்தது. அவன் வெளியே வரவில்லை. வேலைக்கு வருவான், போவான். வீட்டுக்குப் போனால் அந்த அறைதான். தட்டு தனி, டம்ளர் தனி. சோற்றை வாசல்படியில் வைத்துவிட்டு அவள் நகர வேண்டும். அவளையும் உள்ளே விடுவதில்லை. பேத்தி ஓடிவந்தால் கதவைச் சாத்திக்கொள்வான். ஊரெல்லாம் மாஸ்க்கைக் கழற்றிப் போட்டு வருஷக்கணக்கான பிறகும் இப்படியே நடந்தது.

யூனிட்டில் இரண்டு அச்சைத் தூக்கினால் உட்கார்ந்து விடுவான். மூச்சு இரைக்கும். "மண்ணு நெஞ்சுல ஏறிடுச்சி," என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். இந்தப் பேட்டையில் இருமுகிறவனைப் பார்த்தால் வேறு எதுவும் தோன்றாது. சுமக்கிற வேலையை எடுத்துவிட்டு, உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தேன். அதிலும் கோளாறு வந்தது. அச்சுக்குள் களிமண் கரைசலை ஊற்றினால், ஓரத்தில் தோல் மாதிரிப் பிடித்ததும் மீதியைக் கவிழ்த்துக் கொட்டிவிட வேண்டும். அப்போதுதான் பொம்மை உள்ளே கூடாக வரும். இவன் ஊற்றுவான், கவிழ்க்க மறந்துவிடுவான். பொம்மை உள்ளேயும் வெளியேயும் ஒரே கட்டியாக வந்து நிற்கும்.

"இன்னா மாமா, இந்த வருசம் கொலுவுக்கு அம்மிக்கல்லா அனுப்பறோம்?" என்று நடராசன் கிண்டல் செய்வான். கலியமூர்த்தியும் சிரிப்பான். பிறகு நடராசன் கிண்டலை நிறுத்திவிட்டு, சூளையை விட்டு அடிக்கடி வந்து, இவன் பார்க்காத நேரத்தில் அச்சுகளைக் கவிழ்த்துவிட்டுப் போக ஆரம்பித்தான். எனக்குத் தெரியும். நான் கண்டுகொள்ளவில்லை. வேலை நடந்தால் சரி.

இந்த நிலையில்தான் கன்றுக்குட்டியோடு நிற்கிற கண்ணன் பொம்மையின் தாய் அச்சு காணாமல் போனது. மற்ற அச்சுகளெல்லாம் தேய்ந்து போகும். தாய் அச்சிலிருந்துதான் புதிது வார்க்க வேண்டும். ஒரு தேங்காய் அளவுதான் இருக்கும், ஆனால் நவராத்திரி ஆர்டரே அதை நம்பித்தான் இருந்தது. யூனிட்டைப் புரட்டினோம். கிடைக்கவில்லை. கலியமூர்த்தி ஒரு மூலையில் நின்று நடராசனையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுவாரம் பிராது கட்டிவிட்டான்.

கூப்பிட்டுக் கேட்டேன்.

"எதுக்குப்பா அவசரம்? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"உங்ககிட்ட சொன்னா இன்னா பண்ணுவீங்க? ரெண்டு பேரும் ஒத்துமையா இருங்கடான்னு அனுப்பிச்சி வுட்டுடுவீங்க."

"அவன்தான் எடுத்தான்னு எப்பிடித் தெரியும்?"

"சூளைக்காரனுக்கு அச்சு ராக்குகிட்ட இன்னா வேல? திரும்பிப் பாத்தா அங்க நிக்கிறான். நான் பாத்தா நழுவுறான். வேற யூனிட்டுக்குக் குடுத்துட்டான் மொதலாளி. நான் அசந்த நேரமெல்லாம் எவனோ எங்கிட்டேருந்து எடுத்துக்கிறான். ஆஸ்பத்திரிலயே எடுத்தானுங்க."

நடராசன் எதற்காக அங்கே வந்தான் என்று சொன்னேன். என் முகத்தைப் பார்த்தான்.

"நான் கவுக்கறத மறந்துட்டனா? நானா? முப்பது வருசமா செய்யறவன் மறப்பனா? அவன் சொல்லிக் குடுத்தத நீங்க சொல்றீங்க."

சொல்லிவிட்டு அச்சுப் பக்கம் போய்விட்டான். அச்சைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நல்ல பொம்மை ஒன்றை வைத்து வேறு அச்சு எடுத்துக்கொள்ள எனக்குத் தெரியும், எடுத்தும் விட்டேன். விவகாரம் வேறு இடத்தில் முற்றியது. நடராசன் மகள் சிவசங்கரிக்குத் திட்டக்குடியில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. பிராது சேதி அங்கே போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார். சண்டை எதுவும் போடவில்லை. "பிராது ஒரு வழியா தீரட்டுங்க. அப்பறம் பத்திரிக அடிக்கலாம்," என்று மட்டும் சொன்னாராம். கட்டினவன் ராஜினாமா செய்தால்தான் கல்யாணம் என்று ஆகிவிட்டது. கட்டினவனோ, அச்சு வந்தால்தான் ராஜினாமா என்றான்.

நடராசன் என்னிடம் வந்தான். சூளைச் சூட்டில் நின்று நின்று அவன் முகம் எப்போதும் சிவந்திருக்கும். அன்று வெளுத்திருந்தது.

"நான்தான் எடுத்தன்னு சொல்லிடறேன் மொதலாளி."

"எடுத்தியா?"

"எடுக்கல. எடுத்தேன், ஒடஞ்சி போச்சு, பயந்துகினு சொல்லலன்னு சொல்லிடறேன். மாமன் வாபஸ் வாங்கிக்கட்டும். பொண்ணு வூட்டுல சரியா சாப்புடறதே இல்ல."

"திருடன்னு பேரு வந்துடுமேடா?"

"இப்ப மட்டும் இன்னா, ஊர்ல என்னைய நல்லவன்னா சொல்றாங்க?"

எத்தனையோ பஞ்சாயத்தை முடித்து வைத்தவன் நான். மண் வண்டிச் சண்டையிலிருந்து பாகப்பிரிவினை வரைக்கும் என் பேச்சுக்கு மறு பேச்சு இருந்ததில்லை. இது நல்ல வழி என்றே எனக்குப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு கலியமூர்த்தி வீட்டுக்குப் போனேன்.

கொளஞ்சியம்மாள் வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். கலியமூர்த்தி பின்னறையிலிருந்து வந்து, எங்களைவிட்டு எட்டத் தள்ளி நின்றான். மூக்கில் மாஸ்க்.

"கிட்ட வாயா. நாங்க இன்னா கடிச்சா தின்னுடுவோம்?" என்றேன்.

"உங்களுக்கு வயசாயிடுச்சி மொதலாளி. எங்கிட்டேருந்து எதுனா தொத்திக்கும்."

"எனக்கா? எனக்கு ஒண்ணும் தொத்தாது. நடராசா, சொல்லு."

நடராசன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மாமா, நான்தான் எடுத்தேன். கை தவறி ஒடஞ்சி போச்சு. மன்னிச்சிக்க."

கொளஞ்சியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கலியமூர்த்தி என் பக்கம் திரும்பினான். "பாத்தீங்களா? நான் மறந்துட்டன்னு சொன்னீங்க. பாத்தீங்களா?" என்றான். அதில் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம் தெரிந்தது. வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்த ஒன்று கையில் கிடைத்த மாதிரி அவன் முகம் மலர்ந்தது. பிறகுதான் இரண்டாவது வார்த்தை அவனுக்கு உறைத்தது போலிருக்கிறது.

"ஒடஞ்சி போச்சா? தாயி அச்சா?"

அவ்வளவுதான். மூச்சு ஏறிவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின்னறைக்கு ஓடினான். நாங்கள் பின்னால் போனோம். கட்டிலில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினான். சத்தம் வரவில்லை. கண் பிதுங்கியது. ஒரு கையால் எங்களை வெளியே போகச் சொல்லித் தள்ளினான், இன்னொரு கையால் தலையணையைத் தடவினான்.

"மூச்சு இழுக்குற பம்பத் தேடுறாரு," என்று கொளஞ்சியம்மாள் கத்தினாள். இத்தனை வருஷம் படி தாண்டாதவள் தாண்டினாள். தலையணைக்கு அடியில் இல்லை. ஜன்னலில் இல்லை. கட்டிலுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினாள். பம்பு உருண்டு வந்தது. அதன் பின்னால் ஏதோ கனமாகத் தட்டுப்பட, அதையும் சேர்த்து இழுத்துவிட்டாள்.

நடராசன்தான் பம்பை வாயில் வைத்து அழுத்தினான். தோளைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா மாமா, மெதுவா இழு," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவனைத் தள்ள கலியமூர்த்திக்குத் தெம்பில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு இறங்கியது.

அப்புறம்தான் எல்லாரும் தரையைப் பார்த்தோம். ஆஸ்பத்திரிப் போர்வையில் சுற்றிய ஒரு மூட்டை. தேங்காய் அளவு. மேலே சைக்கிள் டியூப் வார்.

கலியமூர்த்தி மூட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். முதலில் நடராசனைப் பார்த்தான். நீதானே கொண்டுவந்து போட்டாய் என்று கேட்கப் போகிறான் என்று நான் நினைத்தேன். கேட்கத்தான் வாயெடுத்தான். அதற்குள் அவன் விரல் முடிச்சின் மேல் போய்விட்டது. தடவினான். இடது பக்கம் ஏறி வலது பக்கம் இறங்குகிற முடிச்சு. அவன் விரல் பார்க்காமலே அதை அவிழ்த்தது. உள்ளே கண்ணனும் கன்றுக்குட்டியும் குழியாக இருந்தார்கள்.

"இது என் கட்டு," என்றான்.

"ஆமா மாமா."

"நானா கொண்டாந்து வெச்சேன்?"

"பத்தரமா இருக்கட்டும்னு வெச்சிருப்ப."

"எப்ப?" என்று கேட்டுவிட்டு அவனே யோசித்தான். "எனக்கு ஒண்ணுமே தெரியலியேடா. வழியில வந்தது, சைக்கிள்ல வெச்சது, ஒண்ணுமே தெரியல. எவனோ செஞ்ச மாதிரி இருக்குது." பிறகு திடீரென்று நிமிர்ந்தான். "அப்ப நீ எதுக்குடா எடுத்தன்னு சொன்ன?"

கொளஞ்சியம்மாள் சொன்னாள். "அவன் பொண்ணு கல்யாணம் உன்னாலதான் நின்னு கெடக்குது. திருடன்னு பேரு வாங்கிக்கினு வந்து நிக்கிறான், போதுமா? ஏன்யா, அஞ்சாறு வருசமா என்னைய நாய்க்கு வெக்கிற மாதிரி படியில சோறு வெக்க வுட்டியே. உள்ள வுட்டிருந்தா அன்னிக்கே கூட்டித் தள்ளி எடுத்திருப்பேன்."

"உனக்குத் தொத்திக்கும்னுதான்…"

"தொத்தட்டும்."

அவன் அழவில்லை. போர்வையை மடித்தான். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தான். "ராஜினாமா பண்ணிடறேன்," என்றான். "இன்னிக்கே போலாம். நாளைக்கின்னா இதையும் மறந்துடுவேன்."

என் காரிலேயே மணவாளநல்லூர் போனோம். பாதி வழியில் கலியமூர்த்தி மாஸ்க்கை இறக்கிவிட்டு வெளியே பார்த்தான். நடராசன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தான், நகரச் சொல்லவில்லை. கோவிலில் வாபஸ் எழுதும் இடத்தில் காரணம் கேட்டார்கள்.

"பொருளு கெடச்சிருச்சுங்க. எதிரி எடுக்கல."

"யாரு எடுத்தா?"

"நான்தான் வெச்சிட்டு மறந்துட்டேன்."

எழுதுகிறவர் தலை நிமிர்ந்து பார்த்தார். தவறுதலாகக் கட்டியது என்று எழுதிக்கொண்டார். பொய்ப் பிராது கட்டினவனைச் சாமி திருப்பி அடிக்கும் என்று ஊரில் சொல்வார்கள். நடராசன் அதைப் பற்றித்தான் சந்நிதியில் முணுமுணுத்துக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். இவருக்கு ஏற்கெனவே பட்டது போதும், விட்டுவிடு என்கிற மாதிரி ஏதோ காதில் விழுந்தது.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது கலியமூர்த்தி திரும்பிப் போய் அதே ஆளிடம் நின்றான்.

"புதுசா ஒரு பிராது கட்டணுங்க."

"யாரு மேல?"

"என் ஞாபகத்த எடுத்துட்டாங்க. தூக்கத்த எடுத்துட்டாங்க. மூச்சுல பாதிய எடுத்துட்டாங்க."

"சரிங்க, எதிரி பேரு சொல்லுங்க. பேரு இல்லாம எழுத முடியாது."

கலியமூர்த்தி நின்று யோசித்தான். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். கொரோனா என்று சொல்வான் என்று பார்த்தேன். சொல்லவில்லை. கொரோனாவுக்கு அப்பன் பேரும் ஊர்ப் பேரும் எங்கே போய்க் கேட்பது?

"வா மாமா," என்று நடராசன் கையைப் பிடித்தான். "இதுக்கு வேற எடம் போவணும்."

அந்த வேற இடத்துக்கும் நான்தான் அழைத்துப் போனேன். பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, மண் தூசியைக் காட்டிலும் கொரோனா விட்டுப் போன தழும்புதான் நெஞ்சில் அதிகம் என்றார். மறதி, தூக்கமில்லாமை, பயம், யாரையும் நம்பாமை எல்லாம் அதோடு வந்ததாக இருக்கலாம். நிறையப் பேருக்கு வருஷக்கணக்கில் இருக்கிறது, வெளியே சொல்லாமல் இருக்கிறார்கள் என்றார். ஒரே மாத்திரையில் போகிற விஷயம் இல்லையாம். மூச்சுப் பயிற்சி, நடை, மனசுக்கான டாக்டரிடம் மாதாமாதம் பேச்சு. கலியமூர்த்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வெளியே வந்ததும், "அந்தம்மா இன்னா சொல்லிச்சி?" என்று நடராசனைக் கேட்டான். நடராசன் மறுபடியும் முதலிலிருந்து சொன்னான்.

அவனை நான் வேலையை விட்டு நிறுத்தவில்லை. இதை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். சுட்டு வந்த பொம்மையைத் தட்டிப் பார்த்து விரிசல் பிரிக்கிற இடத்தில் உட்கார வைத்திருக்கிறேன். அங்கே மறக்க ஒன்றும் இல்லை. ஒரு பொம்மை, ஒரு தட்டு, ஒரு சத்தம். தாய் அச்சு நடராசன் பொறுப்பில் இருக்கிறது. குணமாகிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எழுந்து பின்பக்கம் போய்விடுகிறான். படுக்கை இன்னமும் அந்த அறையில்தான். கதவை மட்டும் சாத்துவதில்லை என்று கொளஞ்சியம்மாள் சொன்னாள்.

சிவசங்கரி கல்யாணம் திட்டக்குடி மண்டபத்தில் நடந்தது. முதல் பந்தியிலேயே எனக்கு இடம் போட்டிருந்தார்கள். போகிற இடமெல்லாம் அப்படித்தான். கலியமூர்த்தி வரிசைக் கடைசியில் உட்கார்ந்தான். ஒரு மஞ்சள் பையைக் காலுக்கடியில் வைத்திருந்தான். குனிந்து பார்க்காமலே எனக்குத் தெரிந்தது, அதில் அவனுடைய தனித் தட்டு இருக்கிறது. இலை போட்டார்கள். அவன் இலையைப் பார்த்தான், பையைப் பார்த்தான். பெண்ணைப் பெற்றவன் பந்தியில் உட்காரக் கூடாது. நடராசன் பரிமாறிக்கொண்டே வந்து அவன் எதிரில் சாம்பார் வாளியோடு நின்றான்.

"இன்னா மாமா, எதுல ஊத்தட்டும்?"

கலியமூர்த்தி பையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினான். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தான்.

"இதுலயே ஊத்து," என்றான்.

நான் இரண்டாவது தடவை சாம்பார் கேட்டு வாங்கினேன்.